மூடியின் உட்புறம்

3 ஜூன் 2024, திங்கள்

பதினைந்தாவது மனுவுக்கும் பதில் இல்லை. அதற்குப் பதிலாகச் செய்தி வந்தது. நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அணுவை எடைபோடும் மாஸ் மிஷினை வரும் 28ஆம் தேதி பழைய இரும்புக்கு எடுக்கிறார்கள். பால் வாங்கப் போன இடத்தில் ஆய்வுக்கூடத்துக் காவலாளி சொன்னான்.

சட்டையை மாற்றிக்கொண்டு நேரே போனேன். துறைத் தலைவர் இப்போது டாக்டர் பியூலா. நான் ஓய்வுபெற்ற பிறகு சேர்ந்தவர். என் மனுக்களை எல்லாம் ஒரு கோப்பாகக் கட்டி வைத்திருக்கிறார். பதில்தான் போடவில்லை.

"அண்ணாச்சி, அந்த மிஷின் பதினெட்டு வருஷமா ஓடல. அந்த ரூம் எனக்கு வேணும்."

"ஓடலன்னு யாரு சொன்னா? ஓட்டல. நான் ஓட்டுதேன். மூணு வாரம் குடுங்க."

"ஓட்டி என்ன பண்ணப் போறீங்க?"

எத்தனை முறை எழுதினேனோ அத்தனை முறை சொன்னதை மறுபடி சொன்னேன். 1988இல் பாபநாசம் மலைப் பாறை ஒன்றிலிருந்த ஈயத்தை நான் அந்த மிஷினில் அளந்தேன். ஈயத்தின் 206 வகைக்கும் 204 வகைக்கும் வந்த விகிதம் 15.3. பேராசிரியர் சிவசைலம் அதைக் கட்டுரையாக்கினார். அதே பாறையை வெளிநாட்டில் ஒரு கூடம் அளந்து 14.4 என்றது. கட்டுரை வாபஸ். என் பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியது: "உதவியாளரின் கவனக்குறைவான கையாளுதலால் மாதிரி மாசுபட்டது." இரண்டு வருடம் ஸ்டோரில் சாக்பீஸ் எண்ணினேன். என் கை அசுத்தமாக இருந்ததில்லை. அன்று பாறையைப் பேராசிரியர் கரைத்துத் தந்து நான் அளந்த கரைசலின் மீதிப் பாதி காய்ந்த நிலையில் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அதை அதே மிஷினில் ஓட்ட வேண்டும்.

"அதைக் குடுங்க அண்ணாச்சி. மேல இருக்கிற புது மிஷின்ல பத்து நிமிஷத்துல பாத்துச் சொல்லிடுறேன்."

"குத்தம் சொன்னது இந்த மிஷினையும் என்னையும். நாங்க ரெண்டு பேருந்தான் பதில் சொல்லணும்."

அவர் சிரித்தார். பிறகு கோப்பைத் திறந்து பார்த்தார். "மறுபடியும் 15.3 வந்தா, பாறையே அப்படித்தான்னு அர்த்தம். அந்த வரியை அடிக்கச் சொல்லி நானே எழுதுறேன். வரலேன்னா?"

"வரும்" என்றேன்.

5 ஜூன், புதன்

சாவி கிடைத்தது. அறைக்குள் எலி இல்லை, பல்லி உண்டு. மிஷின் மேல் யாரோ தேர்தல் சமயத்து நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். பதினோரு நாற்காலி. ஒவ்வொன்றாக இறக்கினேன். எழுபத்தாறு வயது முழங்கால் கத்தியது. கத்தட்டும்.

7 ஜூன், வெள்ளி

வெற்றிடம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. குழாய்க்குள் காற்று இருந்தால் நம் ஈய அணுக்கள் காற்றில் முட்டி வழிதவறிவிடும். முதலில் ரோட்டரி பம்ப். பெல்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மாவு மில்லில் கேட்டு அதே அளவில் ஒன்று வாங்கிப் போட்டேன். மில்காரன் "என்ன மிஷினுக்கு?" என்றான். "அணுவை எடைபோடுத மிஷினுக்கு" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தேய்ந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னான்.

அலமாரியைத் திறந்தேன். கரைசல் காய்ந்த குப்பி இருக்கிறது, என் எழுத்தில் லேபிளோடு. பக்கத்தில் பழைய இழைப்பெட்டியும் கிடந்தது. மாதிரியை ஏற்றுகிற ரீனியம் உலோக இழைகளைச் சுட்டுச் சுத்தம் செய்த பிறகு தூசிபடாமல் வைக்கிற பெட்டி. மூடியின் உட்புறத்தில் மங்கலாக ஒரு சிவப்புக் கறை. துரு.

8 ஜூன், சனி

பெட்டி அலுமினியம். அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது, எனக்குத் தெரியும். கீல் இரும்பு. அதிலிருந்து வந்திருக்கும்.

எப்படியும் அந்தப் பெட்டி எனக்குத் தேவையில்லை. 89இல் பேராசிரியர் திடீரென்று புதுப் பெட்டி வரவழைத்து, இதை அலமாரிக்குள் போடச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது பிரிக்காத பொட்டலத்திலிருந்து புது இழை எடுத்துப் பற்றவைத்துக்கொள்கிறேன்.

11 ஜூன், செவ்வாய்

எங்கோ கசிகிறது. அழுத்தமானியின் முள் இறங்கி, பாதியில் நின்றுவிடுகிறது.

ராஜக்கனி இன்று சோற்றுத் தூக்கோடு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். ஐம்பது வருடக் குடித்தனத்தில் இந்த அறைக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. சுற்றிப் பார்த்தாள்.

"இதுதானா நம்ம சக்களத்தி?"

"கைய வைக்காத. வேர்வை உப்பு ஒட்டும்."

"நானா உப்பு? உங்க வேர்வைய மொதல்ல தொடைங்க. இது என்னதான் செய்யும்?"

சொன்னேன். ஈயம் என்று ஒன்றாகச் சொல்கிறோமே தவிர அதில் எடை வேறுபட்ட நாலு வகை உண்டு: 204, 206, 207, 208. ஒரு சொட்டை இழையில் காயவைத்து, இழையைச் செக்கச் சிவக்கச் சுட்டால் அணுக்கள் மின்னேற்றத்தோடு பறக்கும். பல்லாயிரம் வோல்ட் அவற்றைப் பிடித்துத் தள்ளும். வளைந்த குழாய் வழியாகப் போகும்போது காந்தம் இழுக்கும். எடை குறைந்தது அதிகம் வளையும், கூடியது குறைவாக வளையும். காந்தத்தின் வலுவை மெல்ல மெல்லக் கூட்டினால், ஒவ்வொரு வகையாக மறுமுனையில் இருக்கிற கிண்ணத்துக்குள் வந்து விழும். விழுகிற மின்சாரம் எறும்பு மூச்சளவு. அதைப் பெருக்கி, பேனா தாளில் மலைமலையாக வரையும். எந்த மலை எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்கு.

"அரிசியச் சுளவுல பொடைக்க மாதிரி" என்றாள்.

"சுளவுல பொடைச்சா பதர வெளிய தள்ளிருவ. இதுல எதையும் தள்ளக் கூடாது. எல்லாத்தையும் எண்ணணும்."

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு முந்நூறு பக்கக் கையேட்டை இரண்டு வருடம் படித்தேன். பட்டம் பெற்றவர்கள் கையேட்டை அலமாரியில் வைத்திருந்தார்கள். இதையும் மனுவில் எழுதியிருக்கிறேன்.

13 ஜூன், வியாழன்

கசிவைப் பிடித்துவிட்டேன். அசிட்டோனைத் தூரிகையில் தொட்டு ஒவ்வொரு மூட்டாகத் தடவிக்கொண்டே முள்ளைப் பார்க்க வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஆவி உள்ளே போகும், முள் துள்ளும். நாற்பத்து மூன்றாவது மூட்டில் துள்ளியது. புதுச் செப்பு வளையம் போட்டு இறுக்கினேன்.

14 ஜூன், வெள்ளி

பியூலா எட்டிப் பார்த்தார். 1988 பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, வெறுமை ஓட்டம் திங்கக்கிழமை எடுத்திருக்கீங்க. மாதிரியை ஓட்டினது வெள்ளிக்கிழமை. நடுவுல ஆயுத பூஜை லீவு. லீவுக்குப் பிறகு ஏன் வெறுமை எடுக்கல?" என்றார்.

வெறுமை ஓட்டம் என்றால், மாதிரி எதுவும் இல்லாமல் இழையை மட்டும் ஓட்டிப் பார்ப்பது. நம் கையிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் எவ்வளவு ஈயம் சேர்கிறது என்பதை அது சொல்லிவிடும். பேராசிரியர் அவசரப்படுத்தினார், அதனால் எடுக்கவில்லை என்றேன். திங்களன்று சுத்தமாக இருந்தது வெள்ளியன்றும் சுத்தமாகத்தான் இருக்கும். இடையில் அறைக்குள் யாரும் போகவில்லை. சாவி என்னிடம்தான் இருந்தது.

15 ஜூன், சனி

ராஜக்கனியிடம் சும்மா கேட்டேன், 88 ஆயுத பூஜை ஞாபகம் இருக்கிறதா என்று.

"இல்லாம? மத்தியானமே வாரேன்னுட்டுப் போனீய. ஆறு மணியாச்சு. பொரி நமத்துப் போயி, பிள்ளைய ரெண்டும் அழுதுட்டு இருந்துச்சு."

அவள் வேறு வருடத்தைச் சொல்கிறாள்.

18 ஜூன், செவ்வாய்

மிச்ச ஆவியை உறையவைக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றியதும் முள் அடிவரை இறங்கியது. பதினெட்டு வருடம் கழித்து! பேனாவில் மை உறைந்திருந்ததால் ஸ்கெட்ச் பேனா முனையை நூலால் கட்டினேன். வெறுமை ஓட்டம் எடுத்தேன். தாளில் கோடு சாலை மாதிரி நேராகப் போனது. ஈயம் இருக்க வேண்டிய நாலு இடத்திலும் ஒரு மேடுகூட இல்லை.

பியூலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "புது மிஷின்ல எனக்கே இவ்வளவு சுத்தமா வராது அண்ணாச்சி" என்றார்.

தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

20 ஜூன், வியாழன்

குப்பியில் ஒரு சொட்டு அமிலம் விட்டுக் கரைத்தேன். சிலிக்காக் கூழும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்த்து இழையில் காயவைத்தேன். பதினோரு மணிக்கு முதல் மலை எழுந்தது. பன்னிரண்டு முறை ஓட்டினேன்.

14.4.

21 ஜூன், வெள்ளி

மறுபடி ஓட்டினேன். 14.4.

பியூலா ஒரு கூட்டத்துக்காக மதுரை போயிருக்கிறார். திங்கள்தான் வருவார். தாள் என்னிடம் இருக்கிறது.

22 ஜூன், சனி

அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தேன். ஒரு துணியும் கொஞ்சம் அமிலமும் போதும், அரை நிமிடத்தில் கறை போய்விடும். 14.4 என்றால் பாறையின் விகிதம் அது, 88இல் எங்கிருந்தோ ஈயம் சேர்ந்தது, ஆனால் எங்கிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று இழையில் விட்ட அமிலத்தில் இருந்திருக்கலாம். பேராசிரியரின் கையில் இருந்திருக்கலாம். என் மனு அப்படியே நிற்கும். பதினாறாவதும் எழுதலாம்.

பெட்டியை மேசைமேல் வைத்தேன்.

துணியை எடுக்கவில்லை. சுத்தமான பஞ்சுக் குச்சியை எடுத்து, அமிலத்தில் தொட்டு, கறையின் ஓரத்தில் ஒரே ஒரு தடவு தடவினேன். அதைக் கரைத்து இழையில் ஏற்றினேன். ஈயம் எங்கோ ஒளிந்திருக்கும் என்று நினைத்தேன். ஒளியவில்லை. பேனா தாளின் மேல் விளிம்பில் போய் இடித்தது. அளவைக் குறைத்துத் திரும்ப ஓட்டினேன். 16.9.

வரைபடத் தாளில் மூன்று புள்ளி வைத்தேன். ஒரு அச்சில் 206, மறு அச்சில் 207, இரண்டையும் 204ஆல் வகுத்து. பாறை ஒரு முனையில். கறை மறுமுனையில். நடுவில், பாறைக்குக் கொஞ்சம் அருகில், என் 1988. இரண்டு ஈயம் கலந்தால் கலவை அவற்றுக்கு இடையே உள்ள நேர்கோட்டில்தான் விழும். எஃகு ரூலரை வைத்தேன். மூன்று புள்ளியும் ரூலரைத் தொட்டன.

மறந்துவிட்டேன் என்று எழுத வந்தேன். எழுதி, அடித்துவிட்டேன். மறக்கவில்லை.

அறைக் கதவில் பேராசிரியரின் உத்தரவு ஒட்டியிருக்கும்: சந்தனம், குங்குமம், திருநீறு, பூ எதுவும் இந்த அறைக்குள் வரக்கூடாது, மீறினால் வேலைநீக்கம். அதை ஒட்டியவனே நான்தான். சரியான உத்தரவு என்றுதான் நினைத்தேன். 88 ஆயுத பூஜையன்று கல் உடைக்கிற மிஷினுக்குப் பொட்டு வைத்தார்கள். தட்டச்சு இயந்திரத்துக்கு, ஜீப்புக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, காவலாளியின் சைக்கிளுக்குக்கூட வைத்தார்கள். மற்ற எல்லோரும் போன பிறகு, கூடத்திலேயே பெரிய வேலை செய்கிற மாஸ் மிஷின் மட்டும் மூளி நெற்றியோடு நின்றது. எனக்குத் தாங்கவில்லை. பூஜைத் தட்டிலிருந்த கடைக் குங்குமத்தை மோதிர விரலில் தொட்டுக்கொண்டு போனேன். மிஷின் மேல் வைத்தால் பேராசிரியர் கண்ணில் படும். இழைப்பெட்டி மூடியின் உட்புறத்தில் வைத்தேன். வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

கடைக் குங்குமத்தில் நிறத்துக்காக ஈயச் செந்தூரம் கலக்கிறவர்கள் உண்டு. உலர்ந்து உதிர்ந்தால் நேரே கீழே இருக்கிற இழைகள்மேல் விழும். நாங்கள் அளந்தது கண்ணுக்குத் தெரியாத அளவு ஈயம். பொட்டின் ஒரு துகள் அதற்கு மலை.

"கையில் அழுக்கு இருந்ததா?" என்றுதான் விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. பொட்டு அழுக்கு என்று இந்த முப்பத்தாறு வருடத்தில் எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை.

23 ஜூன், ஞாயிறு

வரைபடத் தாளைச் சுருட்டிக்கொண்டு சிவசைலம் சார் வீட்டுக்குப் போனேன். மகாராஜநகரில் மகன் வீடு. வயது எண்பத்தாறு. சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"என்னவே தங்கப்பழம், பதினாறாவது மனுவா?"

"இல்ல சார். குத்தவாளியக் கண்டுபிடிச்சிட்டேன்."

தாளை விரித்தேன். மேல்முனைப் புள்ளி என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு உறைத்தது.

"சார், இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூடில இருந்த பொட்டு. அந்த வெளிநாட்டுக் கடுதாசி வந்த அன்னைக்குப் பெட்டியத் திறந்து பாத்தேன். நாந்தான் துணிய வச்சுத் துடைச்சேன். சரியாப் போகல போல."

"தெரிஞ்சிருந்துமா கவனக்குறைவுன்னு எழுதுனீங்க?"

"பொட்டு வச்சாம்னு எழுதுனா வேலைநீக்கம்வே. உத்தரவு என் கையெழுத்துல்லா? கவனக்குறைவுன்னா ரெண்டு வருஷம் ஸ்டோரு. உமக்கு அப்ப ரெண்டு பிள்ளைய. நான் உம்மக் காப்பாத்துனேன்."

"யாரு கேட்டா?"

உள்ளேயிருந்து மருமகள் எட்டிப் பார்த்தார். நான் குரலைக் குறைக்கவில்லை.

"யாரு சார் உங்கள்ட்ட கேட்டா? ‘தங்கப்பழம், நீ வச்ச பொட்டுதான்’னு ஒரு வார்த்தை. அன்னைக்கே கறைய ஓட்டிப் பாத்திருப்பேன். அன்னைக்கே இந்தக் கோட்டப் போட்டிருப்பேன். உங்க கட்டுரையும் வாபஸ் ஆயிருக்காது, திருத்தம் போட்டு நின்னிருக்கும். அளக்கத் தெரிஞ்சவன்ட்ட காரணத்த மறைச்சுப்புட்டு, கை சரியில்லன்னு எழுதுனீங்க. என் கைதான் சார் எனக்கு இருந்த ஒரே பட்டம்."

அவர் தாளை அருகே இழுத்தார். விரலால் கோட்டைத் தொட்டார்.

"மூணும் எப்படிவே இவ்வளவு நேரா விழுந்துச்சு?"

"பன்னெண்டு தடவ ஓட்டுனேன்."

"நீரு சொல்லுதது சரி" என்றார். "நான் உம்மட்டக் கேட்டிருக்கணும்."

காபி வந்தது. நான் குடிக்கவில்லை. பேனாவை எடுத்துக் கொடுத்து, இப்போது சொன்னதைத் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னேன். எழுதினார். எழுத்து நடுங்கியது, தேதியை மட்டும் தெளிவாகப் போட்டார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். ராஜக்கனி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அன்னைக்கு வேலை போயிருந்தா பிள்ளையளுக்கு என்னத்தப் போட்டிருப்பீய? இந்தக் கோட்டையா?"

தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

24 ஜூன், திங்கள்

பியூலாவிடம் எல்லாத் தாளையும் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"இப்போ நான் என்ன எழுதணும் அண்ணாச்சி? 15.3 வரலியே. அந்த வரியை அடிக்க முடியாது."

"அடிக்க வேண்டாம். மாத்துங்க. ‘கவனக்குறைவு’ங்கிறது தப்பு. ‘உத்தரவு தெரிந்தே, வேண்டுமென்றே, இழைப்பெட்டியில் குங்குமம் வைத்தார்’னு போடுங்க."

"அது இன்னும் மோசமான குற்றச்சாட்டு!"

"மோசமோ நல்லதோ, அதுதான் சரி. கவனமில்லாம ஒண்ணும் வைக்கல. நல்ல கவனமாத்தான் வச்சேன்."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. ஓய்வுபெற்றவரின் பதிவேட்டில் புதுக் குற்றச்சாட்டு எழுத முடியாதாம். ஆனால் துறை அறிக்கையாக ஒன்று எழுதி, வரைபடத்தையும் பேராசிரியரின் கடிதத்தையும் சேர்த்து, அந்தப் பக்கத்தோடு நிரந்தரமாக இணைக்கலாம் என்றார். தட்டச்சு செய்துகொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"அளவீடு செய்தவர்னு ஒரு இடம் இருக்கு. உங்க படிப்பு என்ன போட?"

"எட்டாம் வகுப்பு. மறைக்காமப் போடுங்க."

போட்டார். அளவீடு: வீ. தங்கப்பழம், எட்டாம் வகுப்பு. ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்த பிறகே கையெழுத்திட்டேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு தசமப்புள்ளி இடம் மாறியிருந்தது. திருத்த வைத்தேன்.

28 ஜூன், வெள்ளி

பம்புகளை முறைப்படி நிறுத்தினேன். குழாய்க்குள் மெதுவாகக் காற்றை விட்டேன். மிஷின் ஒரு நீண்ட மூச்சு இழுத்துக்கொண்டது. பதிவேட்டில் கடைசி வரி எழுதினேன்: "வெற்றிடம் நல்ல நிலையில் இருக்கும்போதே நிறுத்தப்பட்டது."

பத்து மணிக்குப் பழைய இரும்பு எடுக்கும் மேலப்பாளையம் மீரான் பாய் லாரியும் கப்பியுமாக வந்தார். காந்தம் மட்டும் அரை டன். சங்கிலி மாட்டுகிற நேரத்தில் ராஜக்கனி வந்து நின்றாள். கையில் குங்குமச் சிமிழ்.

"அன்னைக்குக் களவாணி மாதிரி உள்ள வச்சீயள்ல? இன்னைக்குப் பகல்ல வைங்க."

"இதுல ஈயம் இருந்தாலும் இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும். இனி இது என்னத்த அளக்கப் போவுது?"

பியூலா, கூடத்து ஆட்கள், மீரான் பாய், அவருடைய ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோதிர விரலில் தொட்டு, காந்தத்தின் நெற்றியில், முன்பக்கத்தில், அரை ரூபாய் அளவுக்கு வைத்தேன்.

"பெருசா இருக்கே அண்ணாச்சி" என்றார் மீரான் பாய்.

"தெரியணும்லா" என்றேன்.

லாரி திருப்பத்தில் மறையும்வரை சிவப்புத் தெரிந்தது.

29 ஜூன், சனி

ராஜக்கனியின் சிமிழிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பொட்டலம் கட்டி, ஈயம் இருக்கிறதா என்று புது மிஷினில் பார்க்கச் சொல்லி பியூலாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். முதலில் வெறுமை ஓட்டம் எடுக்க வேண்டும் என்று பொட்டலத்தின் மேலேயே எழுதியிருக்கிறேன். ராஜக்கனியிடம் இன்னும் சொல்லவில்லை.